பரோலோ குன்றுகளில் 15 யூரோவுக்கு என்ன கிடைக்கும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: இத்தாலியச் சிவப்பு ஒயினில், அது விளைந்த மண்ணின் குணம் நாக்கில் தெரிய வேண்டும், ஒரு குடும்பம் தன் தோட்டத்தில் பயிரிட்டுத் தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும், விலை 15 முதல் 25 யூரோவுக்குள் அடங்க வேண்டும். பேரங்காடிகளில் 20 யூரோவுக்கே பரோலோ என்ற பெயர்பெற்ற ஒயின் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா?

கடைசிப் பகுதிக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். பெரிய பெயர் தாங்கிய மலிவான பாட்டிலைக் காட்டிலும் நல்ல வீட்டின், அதாவது நல்ல ஒயின் தயாரிப்பாளரின், எளிய பாட்டில் மேல் என்பதே, இந்த ஒயின்களைப் பல ஆண்டுகளாக வாங்கியும் குடித்தும் சிலவற்றைக் கீழே கொட்டியும் நான் தெரிந்துகொண்டது. கொட்டியவற்றுள் ஒன்று நீங்கள் கேட்கும் அதே வகைப் பரோலோதான். ஐரோப்பாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பேரங்காடியில் 19 யூரோ கொடுத்து வாங்கினேன். கழுத்தில் எண்ணிட்ட அரசுச் சீட்டு, கனத்த கண்ணாடி, பொன்னெழுத்து என ஒரு குறையும் இல்லை. ஊற்றினால் நிறம் மங்கிய செங்கல். வாயில் வைத்தால் கொட்டைப்பாக்கை மென்றதுபோல ஈறுகளைப் பிடித்திழுக்கும் துவர்ப்பு. அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் பழமும் இல்லை, மணமும் இல்லை. மறுநாள் திறந்து பார்த்தேன், அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் சமையலில்கூடச் சேர்க்க மனம் வராமல் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

இப்படி ஆவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. வட இத்தாலியின் பியெமான்டே மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே உள்ள லாங்கே குன்றுகளில், 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்து மட்டுமே பரோலோ செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். ஒரு ஹெக்டேரில் 8 டன்னுக்கு மேல் விளைச்சல் எடுக்கக் கூடாது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதங்கள் ஒயின் காத்திருக்க வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 2021 இலையுதிர் காலத்தில் பறித்த திராட்சை 2025 பிறக்கும் முன் பரோலோ என்ற பெயரில் கடைக்கு வர முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் பணம் நிலவறையில் முடங்கிக் கிடக்க, நல்ல தோட்டத்தின் விலை ஹெக்டேருக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டி நிற்க, அப்படிப்பட்ட ஒயின் எல்லோருடைய லாபமும் போக 19 யூரோவுக்கு அலமாரிக்கு வருகிறதென்றால், எங்கோ ஒரு இடத்தில் சிக்கனம் நடந்திருக்கிறது. பெரும்பாலும் அது தரகர்கள் வழியாக மொத்தமாக வாங்கிக் கலந்த ஒயினாக இருக்கும். சட்டப்படி அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது எந்தச் சரிவில் விளைந்தது என்று அதை பாட்டிலில் அடைத்தவருக்கே தெரிந்திருக்காது. மண்ணின் குணத்தைத் தேடும் உங்களுக்கு அது எதற்கு?

இனி, வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். பொதுவாகப் பேசினால் பயனில்லை என்பதால், நான் நன்கறிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன்: ஜி. டி. வாய்ரா. ஆங்கில எழுத்தில் பார்ப்பவர்கள், குறிப்பாக வஜ்ரம் என்ற சொல் பழகிய நம்மவர்கள், 'வஜ்ரா' என்றே படிப்பார்கள். அதிலுள்ள j எழுத்துக்கு இத்தாலியில் யகர ஒலி. அந்தக் குடும்பத்தார் தங்கள் பெயரை இன்று வேறு எழுத்துக்கூட்டில் எழுதுகிறார்கள். லேபிளில் மட்டும் பழைய எழுத்து நிற்கிறது.

பரோலோ என்பது ஒயினின் பெயர் மட்டுமன்று, ஊரின் பெயரும் அதுவே. அந்த ஊருக்கு மேலே, ஆல்ப்ஸ் மலைத்தொடரை நோக்கிய மேற்கு முகட்டில், ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் வெர்ஞே என்ற சிற்றூர் இருக்கிறது. 1968இல், இத்தாலிய மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிக்கொண்டிருந்த சமயம், தூரின் நகரில் படித்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன் ஆல்டோ வாய்ராவை, கலவரத்தில் சிக்கிவிடுவானோ என்ற கவலையில், தந்தை ஜுசேப்பே டொமெனிக்கோ இந்த வெர்ஞேயில் இருந்த குடும்பப் பண்ணைக்கு அனுப்பிவைத்தார். கிராமத்தைவிட்டு எல்லோரும் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பையன் எதிர்த்திசையில் வந்து நிலத்திலேயே தங்கிவிட்டான். 1971இலேயே அந்தத் தோட்டம் இயற்கை வேளாண்மைக்கு மாறியது. பியெமான்டேயில் அவ்வளவு முன்பே அப்படிச் செய்தவர்கள் மிகச் சிலர். 1972இல் தந்தையின் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டி ஒயின் வீடு தொடங்கப்பட்டது. தொடங்கிய ஆண்டைப் பாருங்கள்: 1972 அந்த வட்டாரத்தின் மிக மோசமான அறுவடைகளுள் ஒன்று, அவ்வாண்டு ஒயினுக்குப் பரோலோ என்ற பெயரே இட வேண்டாம் என்று ஊர் முழுவதும் கைவிட்டது. ஆல்டோவும் மனைவி மிலேனாவும் வளர்த்தெடுத்த அந்த வீட்டை இன்று அவர்களுடைய மூன்று மக்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். நிலவறையில் பீப்பாய்களுக்கு மேலே, ஃபிரான்சிஸ்கன் துறவியும் ஓவியருமான கொஸ்டான்ட்டினோ ருஜ்ஜேரி அமைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் உள்ளன. கோயிலுக்குள் ஒயின் வைத்திருக்கிறார்களா, ஒயினுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றும்.

இந்த உயரமும் திசையும்தான் முதல் பாடம். நெபியோலோ வசந்தத்தில் முந்தித் துளிர்த்து இலையுதிர் காலத்தில் பிந்திப் பழுக்கும் கொடி. அக்டோபர் மூடுபனி இறங்கும் நேரத்தில்தான் அதைப் பறிப்பார்கள். எனவே லாங்கே உழவர் பின்பனிக் காலத்தில் குன்றைப் பார்த்து, எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோவை நட்டார்; அதற்கடுத்த இடத்தில் பார்பெரா என்ற திராட்சை; வேறெதுவும் பழுக்காத குளிர்ந்த இடத்தில் டோல்ச்செட்டோ என்ற இன்னொரு திராட்சை. அந்தக் கணக்கில் வெர்ஞே, நெபியோலோவுக்கு எல்லைக்கோட்டில் நின்ற ஊர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே பழம் முழுதாகப் பழுக்குமா என்பது ஆண்டுதோறும் ஒரு சூதாட்டமாக இருந்தது. இப்போது கோடைகள் வெப்பமேறி, 2017, 2022 போன்ற ஆண்டுகளில் தாழ்ந்த சரிவுகளில் திராட்சை வாடும்போது, இரவில் மலைக்காற்று இறங்கும் இந்த உயரத்துக் கொடிகளில் புளிப்பும் மணமும் தங்குகின்றன. அன்று குறையாகப் பேசப்பட்டது இன்று முதலீடு. சூடான ஆண்டின் ஒயினை வாங்க நேர்ந்தால் உயரமான ஊரின் ஒயினாகப் பாருங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்.

இரண்டாவது பாடம் மண். பரோலோ, லா மொர்ரா ஆகிய மேற்கு ஊர்களில் பெரும்பாலும் காண்பது சாந்தாகட்டா என்று பெயரிடப்பட்ட, கடற்புதைபடிவங்கள் கலந்த சுண்ணாம்புக் களிமண். ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் கடலடித்தளமாக இருந்தபோது படிந்த வண்டல் அது. தோண்டியெடுத்த ஈரக்கட்டி நீலச்சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும்; வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் வெளுத்து, விரலால் நசுக்கினாலே ஏடேடாக உதிர்ந்துவிடும். இடையில் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கிழக்கே செர்ராலுங்கா ஊருக்குப் போனால் மண் இன்னும் பழையது. மணற்கல் அடுக்குகளும் சுண்ணாம்பும் மிகுந்து இறுகிக் கிடக்கும். மேற்கின் ஒயினில் மணம் முந்திவரும், துவர்ப்பு மென்மையாக இருக்கும். கிழக்கின் ஒயின் இளமையில் முறைத்துக்கொண்டு நிற்கும், பத்து ஆண்டு போனால்தான் பேசும். எல்லாத் தோட்டங்களுக்கும் பொருந்தும் விதியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் குறைந்த விலையில் வாங்கிச் சீக்கிரம் குடிக்க எண்ணுபவருக்கு மேற்குக் குன்றுகள் வாகானவை என்ற அளவுக்கு இது உதவும்.

இப்போது பாட்டில்களுக்கு வருவோம். நான் முதலில் வாங்கச் சொல்வது டோல்ச்செட்டோ டி ஆல்பா. பெயருக்கு 'சின்ன இனிப்பு' என்று பொருள். ஒயினில் சர்க்கரை கிடையாது. நம்மூர் நாவற்பழத்தை நினைத்துக்கொண்டால் இந்த ஒயினில் பாதி புரிந்துவிடும்: அதே கருநீலச் சாறு, பல்லில் படியும் நிறம், இனிப்பாக வந்து முடிவில் லேசாகத் துவர்க்கும் போக்கு. ஒயினில் இந்தத் துவர்ப்பைத் தருவது திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின். அறுசுவையில் துவர்ப்பைத் தனிச் சுவையாக எண்ணி, நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் அதைப் பழகிய நாக்குக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளும் ஐரோப்பிய நண்பர்கள் பலரைக் கண்டிருக்கிறேன்.

டோல்ச்செட்டோவை லாங்கே வீடுகளில் மதிய உணவோடு குடிப்பார்கள். உழவன் தன் மேசைக்கென்று செய்துகொண்ட ஒயின் அது. மரப்பீப்பாய்க்கு அதில் வேலை இல்லை. எஃகுத் தொட்டியில் புளித்து அங்கேயே சில மாதங்கள் இருந்து பாட்டிலுக்கு வந்துவிடும். புதிய ஓக் மரத்தின் வனிலா வாசனை மேலே படியாததால், மண்ணையும் உயரத்தையும் மறைக்க ஏதும் இராது. மலிவான ஒயினில் மண் தெரியாது என்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: விலையுயர்ந்த ஒயினில் மண்ணை மறைக்கத்தான் பலர் செலவு செய்தார்கள். 1980களிலும் 90களிலும் பரோலோவில் இதற்காக ஒரு போரே நடந்தது. 225 லிட்டர் பிரெஞ்சுச் சிறு பீப்பாய்களைக் கொண்டுவந்தவர்கள் ஒருபுறம், பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் பழைய பெரும்பீப்பாய்களை விடமாட்டோம் என்றவர்கள் மறுபுறம். ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பேசாமல் இருந்ததுண்டு. சிறு பீப்பாயின் வேகம் இப்போது தணிந்துவிட்டது. அந்தச் சண்டை நடந்த நாள்களிலும் டோல்ச்செட்டோ தன் பாட்டுக்கு எஃகுத் தொட்டியில் இருந்தது.

வாய்ரா வீட்டின் சாதாரண டோல்ச்செட்டோ இத்தாலியிலும் ஜெர்மனியிலும் ஏறத்தாழ 15 யூரோவுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் சில யூரோக்கள் கொடுக்க முடியுமானால் 'கோஸ்டே அண்டு ஃபொஸ்ஸாட்டி' என்று இரண்டு தோட்டப் பெயர்களைச் சேர்த்து எழுதிய டோல்ச்செட்டோவைத் தேடுங்கள். கோஸ்டே டி வெர்ஞே, ஃபொஸ்ஸாட்டி ஆகிய இரண்டும் பரோலோ செய்ய உரிமையுள்ள தோட்டங்கள். அங்கே நெபியோலோ நட்டால் அதே நிலத்தில் பாட்டிலுக்குப் பல மடங்கு பணம் வரும். அப்படிப்பட்ட இடத்தில், பழைய கொடிகளிலிருந்து தேர்ந்தெடுத்த நாற்றுகளைக் கொண்டு டோல்ச்செட்டோவை வளர்த்து, வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். பழுத்த டோல்ச்செட்டோ காம்பை விட்டு உதிரும் குணமுடையது, நோய்க்கும் எளிதில் ஆட்படும், சந்தையில் மதிப்பும் குறைவு. லாங்கேயில் பலர் அதைப் பிடுங்கிவிட்டு நெபியோலோவோ, சாக்லேட் ஆலைக்காக ஹேசல் கொட்டை மரமோ நட்டுவிட்டார்கள். ஆண்டுக் கணக்கைப் பங்குதாரர்களிடம் ஒப்படைக்க வேண்டிய ஒரு நிறுவனத்தில் இந்தத் தோட்டம் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கும்? குடும்பப் பண்ணை என்று நீங்கள் கேட்டதற்கு உண்மையில் இப்படிப்பட்ட முடிவுகள்தான் பொருள். முதல் இடத்தில் நடவேண்டியதை நடாமல், பிடித்ததை நட்டு, அதை 20 யூரோவை ஒட்டி விற்கிறவர் வீட்டில் வாங்குங்கள்.

பார்பெராவைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். நிறம் அடர்த்தி, புளிப்பு மிகுதி, துவர்ப்பு குறைவு. தக்காளி சேர்ந்த உணவுக்கும், காரம் உள்ள நம் சமையலுக்கும் இந்த வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான ஒயின் இல்லை. மிளகாய்க் காரத்தோடு டானின் சேர்ந்தால் நாக்கு எரியும், பார்பெராவில் அந்தத் தொல்லை இராது. மண்ணின் குணத்தைக் காட்டுவதில் அது நெபியோலோவுக்குப் பின்தான்.

நெபியோலோவே வேண்டும், பரோலோவின் விலை வேண்டாம் என்பவருக்கு லாங்கே நெபியோலோ என்ற பெயர் இருக்கிறது. 1994இல் ஏற்படுத்தப்பட்ட அந்த வகைக்குக் குறைந்தபட்சக் காத்திருப்புக் காலம் கிடையாது, மரப்பீப்பாய்க் கட்டாயம் கிடையாது. நெபியோலோ 85 விழுக்காடு இருந்தால் போதும், நல்ல வீடுகள் முழுவதும் அதையே இடுகின்றன. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பரோலோ தோட்டத்தில் இளங்கொடி இருந்தால், அல்லது மழையில் நனைந்த ஆண்டாக இருந்தால், அல்லது ருசி பார்க்கும்போது ஒரு பீப்பாய் வீட்டாருக்கு நிறைவு தராவிட்டால், அந்த ஒயினைக் கீழிறக்கி லாங்கே நெபியோலோவாக விற்க அனுமதி உண்டு. கண்டிப்பான வீட்டில் கீழிறங்குவது பிறர் மேலே ஏற்றிவைப்பதைவிடச் சிறந்ததாக இருக்கலாம். வாய்ராவின் லாங்கே நெபியோலோ 20 யூரோவை ஒட்டி இருக்கும்.

அதைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். முதலில் ஏமாற்றமாக இருக்கும்: நீர் கலந்த மாதுளைச் சாறுபோல், கோப்பைக்கு அடியில் பிடித்த விரல்கள் அதன் வழியே தெரியும். சிவப்பு ஒயின் என்றால் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். நெபியோலோவின் தோலில் உள்ள நிறமிகள் நிலைப்பதில்லை, ஆண்டு போகப் போக விளிம்பு ஆரஞ்சாகும். மூக்கருகே கொண்டுபோனால் ரோஜா இதழ், உலர்ந்த செர்ரி, கொஞ்சம் நேரம் கழித்து வெயிலில் இளகிய தார். வாயில் வைத்த பிறகுதான் நிறத்துக்கும் வலுவுக்கும் தொடர்பே இல்லை என்று புரியும். அவ்வளவு வெளிறிய திரவம் கன்னத்தின் உட்புறத்தை இறுக்கிப் பிடிக்கும். அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் மணம் திரும்பி வருகிறதா என்று காத்திருங்கள். வந்தால் நல்ல ஒயின். நான் தொட்டியில் ஊற்றிய 19 யூரோ பரோலோவில் வராதது அதுதான்.

பணம் கொஞ்சம் சேர்த்து ஒரு விசேஷத்துக்கு வாங்குவதென்றால் அதே வீட்டின் 'ஆல்பெ' என்ற பரோலோ ஏறத்தாழ 35 முதல் 40 யூரோவுக்கு அமையும். ஃபொஸ்ஸாட்டி, கோஸ்டே டி வெர்ஞே, லா வோல்டா என்ற மூன்று உயரமான தோட்டங்களின் ஒயினைச் சேர்த்தது அது. ஆல்பெ என்றால் விடியல்கள்; மூன்று சரிவுகளும் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருப்பதால் ஒரே காலையில் சூரியன் மூன்று முறை உதிக்கிறது என்பது வீட்டார் சொல்லும் கணக்கு. ஒற்றைத் தோட்டப் பரோலோவான ப்ரிக்கோ டெல்லெ வியோலெ இதைப்போல இரு மடங்கு விலைக்கு மேல் போகும். அது உங்கள் கேள்விக்கு வெளியே. மாறாக, வித்தியாசமாக ஒன்றைப் பார்க்க விரும்பினால் ஃப்ரெய்சாவைக் கேளுங்கள். நெபியோலோவுக்கு மரபணு வழியில் தாய்-பிள்ளை உறவுள்ள பழங்கொடி அது. ஒரு காலத்தில் இனிப்பும் நுரையுமாகச் செய்து மலிவாக விற்றதால் மதிப்பிழந்தது. இந்த வீட்டில் அதற்கு 'கியே' என்று பெயர். உள்ளூர்ப் பேச்சில் 'யாரது?' என்று பொருள். கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமானது.

குடும்பம் என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தாலியில் மிகப் பெரிய ஒயின் நிறுவனங்கள் பலவும் குடும்பங்களுக்கே சொந்தம். எனவே லேபிளில் குடும்பப் பெயரும் பாட்டனார் படமும் இருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. 1950கள் வரை லாங்கே உழவர்களில் பெரும்பாலோர் திராட்சையை ஆல்பாச் சந்தையில் வணிகர்களுக்கு விற்றார்கள், ஒயினாக்கியவர்கள் சிலரே. விலையை வணிகர் சொல்வார். மாலையாகிவிட்டால், பறித்த பழத்தை வீட்டுக்கா திருப்பிக் கொண்டுபோவது என்று சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த வறுமையிலும் நிலம் கைமாறாமல் பிழைத்ததற்கு ஓர் எதிர்பாராத காரணம் உண்டு. 1946இல் ஆல்பாவில் தொடங்கப்பட்ட ஃபெரேரோ சாக்லேட் ஆலை, பின்னாளில் நம்மூர்க் கடைகளிலும் நுட்டெல்லா விற்கும் அதே நிறுவனம், குன்றுகளின் ஊர்களுக்குப் பேருந்து அனுப்பித் தொழிலாளர்களை அழைத்துவந்து மாலையில் திருப்பி விட்டது. சம்பளமும் கிடைத்தது, தோட்டமும் கைவிடப்படவில்லை. பிள்ளைகள் தலையெடுத்தபோது பாட்டிலில் அடைத்து விற்கக் குடும்பத்துக்கு நிலம் இருந்தது.

மலிவு எந்த எல்லைக்குப் போகக் கூடாது என்பதையும் அதே மாவட்டம் பார்த்திருக்கிறது. 1986இல், பரோலோவிலிருந்து அதிக தூரமில்லாத நார்ட்சோலே என்ற ஊரில், மலிவு ஒயினின் போதையைக் கூட்ட மெத்தனால் கலந்து விற்கப்பட்டதில் 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மெத்தனால் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் இத்தாலியில் சோதனைகள் இறுகின. யார் செய்தது, எங்கே செய்தது என்று கேட்டு வாங்கும் வழக்கமும் வலுப்பெற்றது.

இன்று இந்தக் குடும்பங்களை அச்சுறுத்துவது வறுமை அன்று, நிலத்தின் விலை. அண்ணன் தம்பிகளில் ஒருவர் பங்கைப் பிரித்துக் கேட்டால், மற்றவர் கொடுக்க வேண்டியது பல லட்சம் யூரோ. 2016இல் புகழ்பெற்ற வியெட்டி வீடு ஓர் அமெரிக்கக் குடும்பத்துக்கு விற்கப்பட்டபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. எதிர்மாறாகவும் நடப்பதுண்டு: செர்ராலுங்காவில் லுயிஜி பௌடானா என்பவரும் அவர் மனைவியும் வாரிசு இல்லாமல் தங்கள் சில ஹெக்டேர் தோட்டத்தைக் காத்துவந்தார்கள், 2009இல் அதை வாய்ரா குடும்பத்தின் கையில் ஒப்படைத்தார்கள். புதிய உடைமையாளர்கள் தங்கள் பெயரை ஒட்டாமல் பௌடானா பெயரிலேயே அந்த ஒயின்களை இன்றும் வெளியிடுகிறார்கள்.

கடையில் நின்று லேபிளைப் பார்க்கும்போது பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். 'இம்பொட்டில்யாட்டோ அல்லொரிஜினே' என்றிருந்தால், விளைந்த இடத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டது என்று பொருள். 'இன்டெக்ரால்மென்டே ப்ரொடோட்டோ' என்று தொடங்கினால் பயிரிட்டது முதல் எல்லாம் அவர்களே என்று பொருள். பெயருக்குப் பதிலாக வெறும் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு இருந்தால், யாரோ செய்ததை யாரோ அடைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 2008இல் அமைந்த தனிச் சிறு ஒயின் விவசாயிகளின் கூட்டமைப்பான ஃபிவியின் முத்திரை, திராட்சைக் கூடை சுமந்து செல்லும் ஒரு மனித உருவம், சில பாட்டில்களின் மேற்புறத்தில் இருக்கும். அது இருந்தால் நல்லது. இல்லாததால் மட்டும் ஒரு வீட்டை ஒதுக்கிவிட வேண்டாம்.

வாய்ரா கிடைக்காத ஊரில் இருப்பவர் இதே வழியில் வேறு வீடுகளைத் தேடலாம். அருகில் வெர்டூனோ ஊரின் புர்லொட்டோ வீட்டின் பரோலோ இப்போது எட்டாத விலைக்குப் போய்விட்டது. அவர்களுடைய பெலவெர்கா மட்டும் இன்னும் கைக்கு எட்டும். அந்த ஊரைச் சுற்றி மட்டுமே விளையும் ஒரு திராட்சை அது. நிறம் வெளிறியது, முகர்ந்தால் சற்றுமுன் இடித்த மிளகின் வாசனை. குடும்பம் என்ற நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால் பர்பரெஸ்கோ ஊரின் ப்ரொடுட்டோரி கூட்டுறவு இருக்கிறது. 1958இல் ஊர்ப் பாதிரியார் ஒருவர் 19 உழவர்களைக் கூட்டித் தொடங்கியது. இன்று ஐம்பதை ஒட்டிய குடும்பங்கள் தங்கள் நெபியோலோ முழுவதையும் அங்கேயே கொடுக்கின்றன. அவர்களுடைய லாங்கே நெபியோலோ, விலைக்கேற்ற தரம் என்று பார்த்தால், இந்தப் பதிலில் சொன்ன எதற்கும் குறைந்ததன்று.

வாங்கிய பின் பெரும்பாலோர் செய்யும் தவறு வெப்பநிலையில். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை, கல்சுவரும் குளிரும் கொண்ட ஐரோப்பிய வீட்டு அறையை மனத்தில் வைத்துச் சொன்னது. சென்னையில் 32 பாகையில் வைத்துக் குடித்தால் எந்த ஒயினும் சாராய நெடியடிக்கும். கோடையில் மிலான் நகரத்து அடுக்குமாடியிலும் அப்படித்தான். டோல்ச்செட்டோவை 14 அல்லது 15 பாகைக்கும், நெபியோலோவை 16 முதல் 18 பாகைக்கும் கொண்டுவாருங்கள். குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் அந்த அளவு வந்துவிடும், அறை சூடாக இருந்தால் கூடுதல் நேரம் பிடிக்கும். டோல்ச்செட்டோ திறந்தவுடன் சில சமயம் மூடிக்கிடந்த அறையின் வாசனை வரும், ஒரு குடுவைக்கு மாற்றி நன்றாகக் குலுக்கினால் பத்து நிமிடத்தில் போய்விடும். நெபியோலோவைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் திறந்துவையுங்கள். மீதியைத் தக்கையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் டோல்ச்செட்டோ கொஞ்சம் தளர்ந்திருக்கும். நெபியோலோ பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாக இருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் வாங்கினால் முதலில் டோல்ச்செட்டோவை முடித்துவிடுங்கள்.